பிளேடு 4 ரூபாய்... ரேசர் 6,000 ரூபாய்!

*உயர்விலை உலோக ரேசர்களின் அழகும் கட்டுமானமும்: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?*

எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் அறைக்குள் ஒரு பிளேடின் விளிம்பு. அதன் எதிரே ஒரு தாடி முடி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஜியான்லூகா ரோஸ்கியோலி என்ற ஆய்வு மாணவர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். நுண்ணோக்கிக்குள் அடங்கும் அளவுக்கு ஒரு குட்டி வெட்டுக்கருவியை அவரே செய்து உள்ளே வைத்திருக்கிறார். அதற்கு முன் தன் தாடியையே மழித்து, ஒவ்வொரு ஷேவுக்குப் பிறகும் பிளேடின் விளிம்பைப் படமெடுத்து அடுக்கிவைத்திருந்தார். எஃகு முடியைவிடச் சுமார் 50 மடங்கு கடினமானது. அதனால் விளிம்பு மெல்ல மெல்லத் தேய்ந்து மழுங்கும் என்பதே எதிர்பார்ப்பு. திரை வேறு கதை சொன்னது. விளிம்பு தேய்ந்ததைவிடச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்ததுதான் அதிகம். பிளேடுக்குச் செங்குத்தாக நின்று வெட்டுப்பட்ட முடியால் எஃகுக்கு ஒன்றும் நேரவில்லை. முடி வளைந்து கொடுத்து, பிளேடு அதைச் சாய்வாகச் சந்தித்தபோதுதான் எஃகு உடைந்தது.

2020 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இது. அவர் எடுத்துக்கொண்டது தூக்கியெறியும் வகை ரேசர். ஆனாலும் எல்லா ரேசர்களுக்கும் பொருந்தும் ஒரு கேள்வியை அது எழுப்பிவிட்டது. பிளேடு எந்தக் கோணத்தில் முடியைச் சந்திக்கிறது, அந்த நொடியில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது? இவற்றைத் தீர்மானிப்பது பிளேடு மட்டுமல்ல. அதைப் பிடித்திருக்கும் உலோகமும்தான்.

அந்த உலோகத்தைப் பற்றித்தான் இப்போது பலரும் பேசுகிறார்கள். இருபுற பிளேடு போடும் உலோக ரேசர், அப்பாக்களும் தாத்தாக்களும் ஜன்னலில் கண்ணாடியைச் சாய்த்துவைத்துக்கொண்டு பிடித்த அதே உருவம், பரிசுப் பெட்டியில் திரும்பி வந்திருக்கிறது. விலைதான் மலைக்கவைக்கிறது. கனடாவின் ஹென்சன் நிறுவனம் செய்யும் அலுமினிய ரேசர் 70 டாலர் அளவில் விற்கிறது. நம் பணத்தில் 6,000 ரூபாயை ஒட்டி. ஜப்பானின் ஃபெதர் நிறுவனத்தின் எவர்சில்வர் ரேசருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வரை எடுத்துவைக்க வேண்டும். டைட்டானியத்தில் கடைந்தவை இன்னும் மேலே போகின்றன. உள்ளே போடும் பிளேடோ தெருமுனைக் கடையில் 4, 5 ரூபாய்.

வாங்கியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். கையில் எடுத்ததும் கனம் தெரிய வேண்டும், முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் இருக்க வேண்டும், கைப்பிடி நகைபோல் இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. முகத்துக்குத் தெரியாத அழகுக்கு எதற்குப் பணம் என்பது இன்னொரு கட்சி. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகுக்குப் பணம் கொடுக்கலாம், அந்த அழகு வேலையிலிருந்து பிறந்ததாக இருந்தால். வேலைக்குச் சம்பந்தமில்லாமல் மேலே பூசப்பட்ட அழகுக்கு ஒரு ரூபாயும் அதிகம்.

மீன் கடை மாடியில்

இந்த ரேசரின் கதை கிங் கேம்ப் ஜில்லெட்டிடம் தொடங்குகிறது. அவர் பாட்டில் மூடி விற்பனையாளர். 1901-ல் பாஸ்டனில் அவர் தொடங்கிய நிறுவனம், அட்லாண்டிக் அவென்யூவில் ஒரு மீன் கடையின் மாடியில் இயங்கியது. காகிதம்போல் மெல்லிய எஃகுத் தகட்டைப் பதப்படுத்திக் கூராக்க முடியாது என்று விஷயம் தெரிந்தவர்கள் கைவிரித்தார்கள். அதே எம்.ஐ.டி.யில் படித்த வில்லியம் நிக்கர்சன் அதற்கான இயந்திரங்களை வடிவமைத்துக் கொடுத்தார். 1903-ல் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும். மறு ஆண்டு ரேசர் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக 35 லட்சம் ரேசர்கள் வாங்கியது. வீடு திரும்பியவர்களோடு அந்தப் பழக்கமும் வீடு வந்தது.

1904 நவம்பரில் கிடைத்த காப்புரிமையில்தான் நம் விஷயத்தின் வேர் இருக்கிறது. தனியாக நின்றால் துவண்டுபோகும் அளவுக்கு மெல்லிய பிளேடு. வெளியிலிருந்து ஒரு தாங்கல் கிடைத்தால்தான் அதன் விளிம்புக்கு விறைப்பு வரும். வளைவான மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே அழுத்தி வளைக்கும்போது அந்தத் தகடு விறைத்து நிற்கிறது. ஆக, முதல் நாளிலிருந்தே பிளேடின் பலத்தில் பாதி ரேசருடையது.

பிறகு 1971-ல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ், 1998-ல் மூன்று பிளேடு, 2006-ல் ஐந்து. மேலை நாட்டுக் கடைகளில் பழைய ரேசர் அலமாரியின் மூலைக்குத் தள்ளப்பட்டது. ஜெர்மனியில் சோலிங்கனின் மெர்க்கூர், ஜப்பானின் ஃபெதர் போன்ற சில பெயர்கள் அதை விடாமல் செய்துவந்தன. இன்றைய உயர்விலைச் சந்தை எழுந்தது இவர்கள் போட்ட அடித்தளத்தின் மேல்.

தலையெழுத்து தலையில்தான்

ஷேவ் செய்யும்போது முகத்தைத் தொடுபவை மூன்று: மேல்மூடியின் ஓரம், பிளேடின் நுனி, அடித்தட்டின் பாதுகாப்புப் பட்டி. மூடியின் ஓரத்தையும் பட்டியையும் தொட்டுச் செல்லும் ஒரு நேர்கோட்டை மனதில் வரைந்துகொள்ளுங்கள். பிளேடின் நுனி அந்தக் கோட்டைத் தாண்டி எவ்வளவு வெளியே எட்டிப் பார்க்கிறது என்பது ஒரு ரேசரின் குணத்தைச் சொல்லும் முதல் அளவு. ஹென்சனின் ஏ.எல். 13 ரேசரில், அதன் மென்மையான வகையில், இது சுமார் 33 மைக்ரான். ஒரு தாடி முடியின் தடிமன்கூட அதைவிட அதிகம்.

இரண்டாவது, பட்டிக்கும் பிளேடு நுனிக்கும் உள்ள இடைவெளி. கனடாவின் ராக்வெல் நிறுவனம் தன் 6 எஸ் ரேசரோடு புரட்டிப் போடக்கூடிய மூன்று அடித்தட்டுகள் தருகிறது. மூன்று தட்டுகளுக்கு ஆறு பக்கம். ஆறு இடைவெளி, 0.20 மி.மீ. தொடங்கி 0.79 மி.மீ. வரை. அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இந்த வித்தியாசத்துக்குள் பள்ளிப் பையனின் பூனைமுடி முதல் ஒரு வாரத் தாடிவரை எல்லாம் அடங்கிவிடுகிறது.

மூன்றாவதைப் பற்றி விளம்பரங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. மூடியும் தட்டும் பிளேடை நுனிக்கு எவ்வளவு அருகில் கவ்விப் பிடிக்கின்றன என்பது. பிளேடின் தடிமன் 0.1 மி.மீ.தான். கவ்வும் இடத்திலிருந்து நுனி தள்ளி இருந்தால், கெட்டியான முடியை எதிர்கொள்ளும்போது அது அதிரும். காதுக்குக் கேட்காது, தோலுக்குத் தெரியும். ஷேவ் முடிந்து பத்து நிமிடம் கழித்துக் கழுத்தில் எரிகிறதே, அதற்கு இந்த அதிர்வும் ஒரு காரணமாகலாம். நுனிவரை இறுக்கிப் பிடிக்கும் தலைகளில், அதே 4 ரூபாய் பிளேடு வேறு பிளேடாக நடந்துகொள்ளும்.

கைப்பிடியின் அழகைப் பார்த்து ரேசர் வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஜெர்மனியில் சாக்சனியைச் சேர்ந்த ம்யூலேயின் ஆர் 89, ஆர் 41 என்ற இரண்டையும்விட நல்ல உதாரணம் இல்லை. ஒரே நிறுவனம், ஒரே குரோம் பளபளப்பு, ஒரேமாதிரிக் கைப்பிடி. ஆர் 89 மூடிய பட்டி கொண்டது. புதிதாகத் தொடங்குபவருக்குத் தயங்காமல் தரலாம். ஆர் 41 சீப்புப் பற்கள் கொண்டது. கடைகளில் கிடைப்பவற்றுள் மிகவும் முரட்டு ரேசர்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. பற்களின் தோற்றம் பிடித்துப்போய் ஆர் 41-ஐ முதல் ரேசராக வாங்கிய ஒருவர் மறுநாள் முகத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போக நேர்ந்தால், பழி அழகைப் பார்த்து வாங்கிய முடிவுக்குத்தான்.

---

▌பெட்டிச் செய்தி: எந்த உலோகம், என்ன குணம்?

துத்தநாகக் கலவை: ஜமாக் என்று பெயர். துத்தநாகத்தோடு சுமார் 4% அலுமினியம், கொஞ்சம் தாமிரம், மக்னீசியம். 400 டிகிரி செல்சியஸுக்குள் உருகுவதால் அச்சில் வார்ப்பது எளிது, மலிவு. மேலே குரோம் பூச்சு தேவை.

பித்தளை: ஒரு கன செ.மீ. 8.5 கிராம் அளவு. கையில் நல்ல கனம். கடைவதற்கு இணக்கமானது. பழைய ஜில்லெட் ரேசர்களின் உடல் இதுதான்.

316 எல் எவர்சில்வர்: 16 முதல் 18% குரோமியம், 2 முதல் 3% மாலிப்டினம். பூச்சே வேண்டாம். உப்பைத் தாங்கும். கடைவது கடினம், விலையும் அதனால்தான்.

அலுமினியம்: கன செ.மீ. 2.7 கிராம். ஹென்சன் ரேசரின் மொத்த எடை சுமார் 37 கிராம்.

டைட்டானியம்: கன செ.மீ. 4.5 கிராம். எஃகின் உறுதி, பாதிக்குச் சற்று அதிகமான எடை. கடைசல் கருவிகளைச் சீக்கிரம் தின்றுவிடும்.

---

வார்த்ததா, கடைந்ததா?

300 ரூபாய் ரேசருக்கும் 6,000 ரூபாய் ரேசருக்கும் உள்ள உண்மையான தூரம் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் அழுத்தினால் நொடிகளில் ஒரு தலை கிடைக்கும். ஆறும்போது சுருங்கும், ஓரங்களைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும், பிறகு தாமிரம், நிக்கல், குரோம் என்று அடுக்கடுக்காகப் பூச்சு. அந்தப் பூச்சே பத்து இருபது மைக்ரானைச் சேர்த்துவிடும். 33 மைக்ரான் நுனி நீட்டம் வேண்டும் என்று ஒருவர் தீர்மானித்தால், இந்த வழியில் அதைப் பிடித்து நிறுத்துவது மிகக் கடினம். முழு உலோகத்தை எடுத்துக் கணினி இயந்திரத்தில் கடைந்தால்தான் அந்த நுட்பம் கைகூடும். ஹென்சனைத் தொடங்கியவர்கள் விமான, விண்வெளித் துறைக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்பதில் வியப்பே இல்லை. எடுத்த உலோகத்தில் பெரும்பகுதி சுருள் சுருளாகக் குப்பைத் தொட்டிக்குப் போகும். இயந்திர நேரம், கருவித் தேய்மானம், அளந்து பார்க்கும் நேரம்: விலையின் பெரும் பங்கு இவற்றுக்குத்தான்.

நடுவழி ஒன்றும் உண்டு. எஃகுப் பொடியைப் பிசினோடு குழைத்து அச்சில் இட்டு, பிறகு உலையில் சுட்டெடுப்பது. சுடும்போது அந்த உருவம் 15 முதல் 20% வரை சுருங்கும். அந்தச் சுருக்கத்தைச் சரியாகக் கணிப்பவர் நல்ல ரேசர் தருவார். தவறவிட்டால் ஒருபக்க இடைவெளி ஒருமாதிரி, மறுபக்கம் வேறுமாதிரி.

வார்ப்பு என்றாலே மட்டம் என்று சொல்ல மாட்டேன். மெர்க்கூரின் 34 சி வார்ப்பு ரேசர்தான். சுமார் 77 கிராம், குட்டைக் கைப்பிடி. தலைப்பகுதியின் வடிவம் பழுத்த அனுபவத்தில் விளைந்தது. இருபது முப்பது ஆண்டு ஒரே 34 சி-யோடு வாழ்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதன் ஊரான சோலிங்கனின் பெயருக்கும் பொருள் உண்டு. அந்த வட்டாரத்தில் முக்கிய வேலைகள் நடந்த பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம் என்பது ஜெர்மனியில் 1938-லிருந்து சட்டம்.

ஆனால் துத்தநாகக் கலவைக்கு இரண்டு பலவீனங்கள். மூடியிலிருந்து இறங்கும் மரைத்தண்டு மெலிந்தது. அளவுக்கு மீறி முறுக்கினாலோ குளியலறைத் தரையில் விழுந்தாலோ ஒடிந்துவிடும். பூச்சு ஓரிடத்தில் உரிந்தாலும் உள்ளே இருக்கும் துத்தநாகம் தண்ணீரில் அரிக்கத் தொடங்கும்; சாம்பல் நிறத்தில் பொரிப் பொரியாக வரும். அதன் பிறகு அந்தத் தலையை மீட்க முடியாது. 5,000 ரூபாய்க்கு மேல் கேட்கும் ஒரு ரேசரின் தலை துத்தநாகக் கலவையில் இருந்து, கைப்பிடி மட்டும் ஆலிவ் மரத்திலோ எருமைக் கொம்பிலோ இருந்தால், கட்டிய காசு கொம்புக்குப் போய்விட்டது என்று பொருள். இந்த விஷயத்தில் நிறுவனங்கள் மீது எனக்குக் கோபமே உண்டு. பெட்டியின்மேல் கைப்பிடியின் மரம் எந்தக் காட்டில் வளர்ந்தது என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். தலை என்ன உலோகம் என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.

கண்ணாடி மினுக்கா, கருவி முகமா?

சரி, அழகு. அதைப் பேசாமல் இந்த விஷயம் முழுமை பெறாது.

1958-ல் ஜில்லெட் 1.95 டாலருக்கு ஒரு ரேசரை வெளியிட்டது. விலையை வைத்தே அதற்கு 195 என்று பெயர். கைப்பிடி தடித்திருந்ததால் இன்று உலகம் அதை ஃபேட் பாய் என்கிறது. தலைக்குக் கீழே ஒரு வளையம், அதில் 1 முதல் 9 வரை எண்கள். திருகினால் அடித்தட்டு ஏறி இறங்கும். குமிழைத் திருகினால் மூடி இரண்டு கதவாகத் திறந்து பிளேடை ஏந்தும். அந்தத் தடித்த உடல் யாரோ ஓவியர் வரைந்ததால் வந்ததல்ல. இத்தனை இயக்கமும் உள்ளே அடங்க வேண்டியிருந்ததால் வந்தது. அறுபது ஆண்டுக்குப் பிறகும் பழம்பொருள் விரும்பிகள் அதைத் தேடி அலைவதும், தலைக்கடியில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் வைத்து எந்த ஆண்டு, எந்தக் காலாண்டு என்று கண்டுபிடிப்பதும் வெறும் ஏக்கத்தால் அல்ல. பித்தளை உடலும் நிக்கல் பூச்சும் இன்றும் தினசரி வேலை செய்கின்றன.

இதற்கு நேரெதிர் தோற்றம் ஹென்சன். தலை சம்மட்டிபோல் சாய்தளங்களாக இருக்கிறது. இயந்திர உதிரி பாகம்போல் இருக்கிறது, அழகே இல்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். நான் இதில் ஹென்சன் பக்கம். அந்தச் சாய்தளம் முகத்தில் படிந்தாலே பிளேடு தனக்கான கோணத்தில் நிற்கிறது. கோணம் தேடும் வேலையைக் கையிலிருந்து எடுத்து உலோகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். முடி சாய்வாகச் சந்திக்கும்போது எஃகு சில்லு போகிறது என்று நுண்ணோக்கி காட்டிய பிறகு, கோணத்தைக் காக்கும் வடிவம்தான் என் கண்ணுக்கு அழகு.

பாலிஷ் பற்றியும் கருத்து மோதல் இருக்கிறது. முகம் தெரியும் பாலிஷுக்காகச் சுழலும் பஞ்சுச் சக்கரத்தில் வைத்து உலோகத்தைத் தேய்க்கிறார்கள். தேய்த்தால் ஓரங்கள் மழுங்கும். கைப்பிடியில் மழுங்கினால் பரவாயில்லை. பிளேடைக் கவ்வும் ஓரத்தில் மழுங்கினால் கவ்வலே மாறும். அனுபவமுள்ள கை அங்கே நிறுத்திக்கொள்ளும். அதனால்தான் கடைசல் கோடுகளை அப்படியே விட்ட ரேசர்களை நான் குறையாகப் பார்ப்பதில்லை. பொடிமணல் வீசி மங்கலாக்கிய எவர்சில்வரில் விரல் ரேகை தெரியாது, ஈரத்தில் வழுக்காது, பத்தாண்டு கழித்தும் அதே முகத்தோடு இருக்கும். ஃபெதரின் ஏ.எஸ். டி2 இந்த அடக்கமான பளபளப்புக்கு நல்ல சான்று.

கைப்பிடியில் பொறிக்கும் நர்லிங்குக்கும் இதே அளவுகோல்தான். நுரை படிந்த விரல்கள் பிடிக்க வேண்டிய பொருள் அது. வைரக்கட்டம் போல் குறுக்கு நெடுக்காக ஆழமாகப் பொறித்தது வேலை செய்யும். மெலிதாகக் கீறிவிட்டது படத்தில் மட்டும் அழகு.

எடையில் ஒருமித்த கருத்தே கிடையாது. 80, 100 கிராம் எவர்சில்வர் ரேசர்களை விரும்புபவர்கள், அழுத்தாமல் விட்டால் எடையே வேலையைச் செய்துவிடும் என்கிறார்கள். உண்மைதான். 37 கிராம் அலுமினியக்காரர்கள், கை சோர்வதில்லை, மூக்கின் கீழே திருப்ப எளிது என்கிறார்கள். அதுவும் உண்மை. எது சரி என்பதைவிட, எடை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். விரலின் மேல் கிடைமட்டமாக வைத்தால் தலைக்குப் பக்கத்தில் சமநிலை கொள்ளும் ரேசர் முகத்தில் நிதானமாக நகரும். கைப்பிடியின் அடியில் ஈயக்குண்டுபோல் கனம் ஏற்றியவை, கையில் எடுத்தபோது தரமாகத் தோன்றினாலும் தாடையின் வளைவில் தலையைத் தூக்கிவிடும்.

போர்வெல் தண்ணீர் என்னும் பரீட்சை

இந்த ரேசர்கள் வந்த ஊர்களின் தண்ணீர் வேறு, நம் தண்ணீர் வேறு. சென்னைப் புறநகரிலும் கடலோரங்களிலும் உப்புத் தண்ணீரில் நனைந்து தானாகக் காயும் எதன் மேலும் வெள்ளைப் படலம் படியும். சோப்புச் சத்தும் சேர்ந்து நர்லிங் குழிகளுக்குள் இறுகும். கண்ணாடி மினுக்கு ரேசரை வாங்கியவருக்கு ஒரு மாதத்திலேயே அது திட்டுத் திட்டாகத் தெரியும்.

அப்போது கை தானாகப் புளியையோ எலுமிச்சையையோ தேடும். குத்துவிளக்குக்குச் சரி, குரோம் பூசிய துத்தநாகத் தலைக்கு விஷம். பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலும் புளிப்பு உள்ளே இறங்கி அரிக்கும். அலுமினியத்துக்கு எதிரி வேறு: பாத்ரூம் கழுவும் காரமான திரவங்கள் அதன் நிறப்பூச்சைத் தின்றுவிடும். 316 எல் எவர்சில்வர்தான் நம் குளியலறைக்குப் பொருத்தமான உலோகம் என்பேன். அதையும் ஷேவ் முடிந்ததும் கழற்றி அலசி, துணியில் ஒற்றிக் காயவைத்தால் பேரன் காலம்வரை வரும்.

யாருக்கு லாபம்?

பணம் மிச்சமாகும் என்பதுதான் இந்த ரேசர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் நியாயம். கணக்குப் போடுவோம். 200 ரூபாய் கார்ட்ரிட்ஜ் இரண்டு வாரம் உழைத்தால் ஆண்டுக்கு 26 வேண்டும், 5,200 ரூபாய். ஒருநாள் விட்டு ஒருநாள் ஷேவ் செய்பவர், 4 ரூபாய் பிளேடை மூன்று நான்கு முறை பயன்படுத்தினால் ஆண்டுக்கு 50, 60 பிளேடு, 250 ரூபாய்க்குள். மிச்சம் கண்கூடு. ஆனால் அந்த மிச்சத்தை 300 ரூபாய் ரேசரும் அப்படியே தருகிறதே! உயர்விலை ரேசருக்கு இந்த நியாயம் செல்லாது. அது சொல்ல வேண்டிய நியாயம் இரண்டே: நுட்பம், ஆயுள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மேலை நாட்டில் இது திரும்பி வந்த பழக்கம். நம் ஊரில் இது போகவே இல்லை. சலூனில் பாதியாக உடைத்துக் கத்தியில் செருகுவதும் இதே பிளேடுதான். 2010-ல் ஜில்லெட் நிறுவனமே இந்தியாவுக்கென்று 15 ரூபாய்க்கு கார்டு ரேசரை, 5 ரூபாய் பிளேடோடு இறக்கியது, இருபுற பிளேடின் பிடியை இங்கே தளர்த்தத்தான். பிளேடு எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் நாட்டில் நல்ல ரேசர் வாங்குபவருக்கு இருக்கும் வசதி அமெரிக்கருக்குக்கூட இல்லை. இல்லாதது நடுத்தர விலையில் தரமான ரேசர்.

முகத்துக்கு வருவோம். சுருண்டு வளரும் தாடிக்காரர்களுக்குப் பல பிளேடு கார்ட்ரிட்ஜ் தொல்லை. முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்தது தோல்மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடும். முளைக்கும்போது முடி தோலுக்குள்ளேயே திரும்பி, பருபோல் வீங்கும். தோல் மட்டத்தோடு நிற்கும் ஒற்றை பிளேடு இவர்களுக்கு ஆறுதல். கழுத்தில் இந்தப் புடைப்புகளோடு திரியும் இளைஞர்களுக்கு, அழகுக்காக அல்ல, இதற்காகவே ஒரு சாந்தமான ரேசரைச் சிபாரிசு செய்வேன்.

குப்பையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். கார்ட்ரிட்ஜ் பிளாஸ்டிக் மிச்சம், பிளேடு முழுக்க எஃகு, மறுசுழற்சி ஆகும் என்று. சரிதான். ஆனால் நம் தெருவில் குப்பையைப் பிரிப்பது இயந்திரம் அல்ல, மனிதக் கை. காகிதத்தில் சுற்றி எறிந்த பிளேடு ஒரு தூய்மைப் பணியாளரின் உள்ளங்கையைக் கிழிக்கும். 6,000 ரூபாய்க்கு ரேசர் வாங்குபவர், மூடியில் ஒரு கோடு வெட்டிய தகரடப்பாவில் பழைய பிளேடுகளைச் சேர்த்து, நிறைந்ததும் ஒட்டி மூடி, உள்ளே பிளேடு என்று எழுதிக் கொடுப்பது சலுகை அல்ல, கடமை. ரேசரோடு ஒரு டப்பாவையும் பெட்டியில் வைத்துத் தராத நிறுவனம் தன்னை உயர்தரம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

---

▌பெட்டிச் செய்தி: கையில் எடுத்ததும் பாருங்கள்

பிளேடு பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பட்டிக்கும் பிளேடுக்கும் நடுவே தெரியும் ஒளிக்கோடு இரண்டு பக்கமும் ஒரே அகலமாக, முழு நீளத்துக்கும் சீராக இருக்கிறதா?

முழுதாக இறுக்குவதற்கு முன் பிளேடு பக்கவாட்டில் ஆடுகிறதா? கொஞ்சம் ஆடலாம், அதிகம் ஆடினால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ரேசர்.

மரை விரல் நுனியில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கரகரத்தால் வாங்காதீர்கள்.

பெரும்பாலான மூன்று பாக ரேசர்களின் மரை எம் 5 அளவு. அப்படியானால் கைப்பிடியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நல்ல தலைக்கு முதலில் செலவிடுங்கள்.

---

கோவையில் ஏன் கூடாது?

ஹென்சன் ஒரு பெரிய நிறுவனத்தின் குழந்தை அல்ல. விமான உதிரி பாகம் கடைந்த பட்டறை, தன் கையில் இருந்த இயந்திரத்தையும் அளக்கும் ஒழுக்கத்தையும் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்தது. உலகில் இன்று மெச்சப்படும் ரேசர்களில் பல இப்படிச் சிறு பட்டறைகளிலிருந்து வருபவை; சிலவற்றுக்குப் பெயர் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்குக் கோவையும் ஓசூரும்தான் நினைவுக்கு வருகின்றன. கணினிக் கடைசல் இயந்திரத்தையே செய்து விற்கும் ஊர் கோவை. பம்புக்கும் மோட்டாருக்கும் ஜவுளி இயந்திரத்துக்கும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகாமல் கடையும் கைகள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து ஊர்களை 2019-ல் இணைத்தபோது எதிர்பார்த்ததும் இதே நுட்பத்தைத்தான். 316 எல் கம்பி இங்கே கிடைக்கிறது. பிளேடு இங்கேயே தயாராகிறது. அந்த பிளேடைப் போட்டுக்கொள்ளும் கோடிக்கணக்கான முகங்களும் இங்கேதான். கனடாவிலிருந்து கப்பல் கூலியும் சுங்க வரியும் கட்டி வரும் ஒன்றை, எவர்சில்வரிலேயே பாதி விலைக்குக் கடைந்து கொடுக்கத் தடையாக நிற்பது திறமைக் குறைவு அல்ல. தன் பெயரைப் பொறித்து ஒரு முழுப்பொருளை விற்கும் பழக்கம் நம் பட்டறைகளுக்கு இன்னும் வரவில்லை. யாரோ ஒருவரின் இயந்திரத்துக்கு உதிரி பாகம் கொடுத்தே பழகிவிட்டார்கள்.

பெட்டியின்மேல் தலை என்ன உலோகம் என்று முதல் வரியிலேயே எழுதி, நுனி நீட்டத்தையும் இடைவெளியையும் எண்ணாக அச்சிட்டு, மரைத்தண்டு ஒடிந்தால் தலையை மட்டும் தனியாக விற்கும் ஒரு கோவை ரேசர் 3,000 ரூபாய்க்கு வரட்டும். பாலிஷ்கூட வேண்டாம், கடைசல் கோட்டோடு கொடுங்கள். முதல் ரேசரை வாங்க நான் வரிசையில் நிற்கிறேன்.